மலைப்பாதையில் விழுந்த மரம் வெட்ட, பைக்கில் கொண்டுபோக எந்தச் செயின்சா?

காப்பித்தடம்:

வணக்கம். கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடி பக்கம், காப்பியும் மிளகும் உள்ள தோட்டம். 1,300 மீட்டர் உயரம் இருக்கும். தார் ரோடு முடிகிற இடத்திலிருந்து மேல் களம் வரை 6 கி.மீ. மண்பாதை. ஜீப் போகாது, ஒரு எக்ஸ்பல்ஸ் 200, ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் 100, இந்த இரண்டும்தான் போய்வரும். ஐப்பசி, கார்த்திகைக் காற்றில் வாரத்துக்கு ஐந்தாறு இடத்தில் மரம் குறுக்கே கிடக்கும். அதிகம் சில்வர் ஓக். அடுத்து கல்யாண முருங்கை, பலாக் கிளை, கீழ்ப்பகுதியில் மூங்கில். முக்கால்வாசி கைப் பருமனிலிருந்து தொடைப் பருமன் வரை. வருடத்தில் நாலைந்து முறை மட்டும் 35–40 செ.மீ. அடிமரம் வந்து விழும்.

மூன்று பார்த்து வைத்திருக்கிறேன். ஸ்டில் எம்எஸ் 180 பெட்ரோல் மிஷின். இல்லையென்றால் 18 வோல்ட் பேட்டரி ரம்பம். அதுவும் இல்லையென்றால் ஆன்லைனில் பாதி விலைக்கு வரும் "58 சிசி, 22 இன்ச்". இரண்டு பேர் போவோம். எது வாங்கலாம், பைக்கில் எங்கே கட்டலாம், இப்போது பங்க்கில் வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலை இதில் ஊற்றலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஆப்பும் அரமும்:

மிஷினை விடுங்கள், முதலில் கட்டையின் எடையைப் பாருங்கள். 30 செ.மீ. குறுக்களவுள்ள மரத்தில் 1.2 மீட்டர் துண்டு எடுத்தால் அது 85 லிட்டர். பச்சை மரம் லிட்டருக்கு 900 கிராம் என்று வைத்தாலும் 75 கிலோ தாண்டும். இரண்டு ஆள் கடப்பாரை போட்டு உருட்டிவிடலாம். அதே நீளம் 45 செ.மீ. மரத்தில் 170 கிலோ. அதை வெட்ட மிஷின் இருக்கும், நகர்த்த ஆள் இருக்காது. பைக்கில் போகிற இரண்டு பேருக்கு உண்மையான எல்லை இந்த உருட்டும் எடைதான், பாரின் (செயின் சுற்றி ஓடும் தகட்டின்) நீளம் அல்ல. பெரிய மிஷின் வாங்கிவிட்டு, அதைச் சுமக்கச் சிரமப்பட்டு வீட்டில் வைத்துவிட்டு, அரிவாளோடு போகிறவர்களே அதிகம்.

உங்கள் கணக்குக்கு எம்எஸ் 180 போதும். 31.8 சிசி; பார், செயின், எண்ணெய் எல்லாம் இல்லாமல் 4 கிலோ அளவு. பாரும் செயினும் மாட்டி, இரண்டு டேங்கும் நிரப்பினால் 5 கிலோவைத் தாண்டும். கடையில் 14 அல்லது 16 இன்ச் பாரோடு எடுத்து வைப்பார்கள். 16 வேண்டாம். 32 சிசி மிஷினில் 16 இன்ச் பாரை முழுக்க மரத்துக்குள் புதைத்தால் செயின் வேகம் விழும், கிளட்ச் வழுக்கும், சூடாகும். 14 போதும். 12 கிடைத்தால் இன்னும் நல்லது: முன்பக்க எடை குறையும், தீட்ட வேண்டிய பல் குறையும், கட்டிக்கொண்டு போகும்போது நீட்டிக்கொண்டு நிற்காது. ஒரு பக்கத்திலிருந்து 25 செ.மீ. வெட்டும். மறுபக்கம் போய் அதே கோட்டில் வெட்டினால் உங்கள் 40 செ.மீ. மரமும் ஆச்சு.

செயின் 3/8 இன்ச் கண்ணி இடைவெளி, லோ-புரொஃபைல் (தாழ்வான பல்), 1.1 மி.மீ. கேஜ் (பாரின் பள்ளத்தில் இறங்கும் கண்ணியின் தடிமன்). 12 இன்ச்சுக்கு 44 கண்ணி, 14-க்கு 50, 16-க்கு 55. இந்த எண்ணை மிஷின் மூடியின் உட்புறம் எழுதி வையுங்கள். "14 இன்ச் செயின்" என்று மட்டும் கேட்டால் 1.3 கேஜ் கொடுத்துவிடுவார்கள், அது 1.1 பாரின் பள்ளத்தில் இறங்காது. 1.1 செயினை 1.3 பாரில் போட்டால் இறங்கும், ஆனால் பக்கவாட்டில் ஆடி வெட்டு வளைந்து போகும். பாரில் கோளாறு என்று கடைக்குப் போகும் கேஸ்களில் பாதி இதுதான்.

தைல மரமும் வாட்டிலும் தினம் 40 செ.மீ. விழுகிற மேல்மலை என்றால் எம்எஸ் 250 சொல்லியிருப்பேன்: 45.4 சிசி, 4.6 கிலோ. சில்வர் ஓக் அவ்வளவு கடினமில்லை. ஹஸ்க்வர்னா 120 மார்க் 2-வும் ஓடும். 38 சிசி, ஆனால் பார் இல்லாமலே 4.85 கிலோ. பக்கத்து ஊரில் எந்தக் கம்பெனிக்கு மெக்கானிக் இருக்கிறாரோ அதை எடுங்கள். மழைக்காலத்தில் ஸ்டார்ட்டர் கயிறு அறுந்தால் திண்டுக்கல் வரை இறங்கவா போகிறீர்கள்?

அந்த 58 சிசி: தொடவேண்டாம். பாரும் பெட்ரோலும் சேர்ந்தால் 7 கிலோவை நெருங்கும். 22 இன்ச் பாருக்கு 86 கண்ணி, அத்தனை பல்லையும் காட்டில் உட்கார்ந்து யார் தீட்டுவது? ஆயில் பம்பின் பல்சக்கரம் பிளாஸ்டிக். அது தேய்ந்தால் செயின் வறண்டு பார் நீலம் பாய்ந்துவிடும். கூட வரும் காகிதத்தில் 25-க்கு 1 ஆயில் கலவை என்று போட்டிருக்கும். மரக்கடையில் தரையில் வைத்து விறகு அறுக்க ஓடலாம். பைக்குக்கு ஆகாது.


பச்சைக்கைப்பிடி:

அண்ணன் சொன்னதில் பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேள்வியைத் திரும்பப் படியுங்கள்: முக்கால்வாசி கைப் பருமனிலிருந்து தொடைப் பருமன். அதற்கு 6 கி.மீ. பெட்ரோல் வாடையோடு 5 கிலோவைச் சுமக்க வேண்டியதில்லை.

கைப் பருமன் வரை மடக்கு ரம்பமே போதும். இழுக்கும்போது வெட்டுகிற ஜப்பான் மாதிரி ரம்பம், 360 மி.மீ. அலகு, பெரிய பல். சில்கி பிக்பாய் அந்த அளவு. 15 செ.மீ. பச்சை மரம் இரண்டு மூன்று நிமிடத்தில் விழும். தள்ளும்போது அழுத்தாதீர்கள், அலகு மடங்கி முறியும். இழுப்பில் மட்டும் விசை. அலகின் நீளத்தில் பாதிக்கு மேற்பட்ட பருமனை இதனால் வெட்டப் போகாதீர்கள். தூள் வெளியேற இடமில்லாமல் சிக்கும். சாதாரண வில் ரம்பம் எடுத்தாலும் சரி, பச்சை மர பிளேடு கேட்டு வாங்குங்கள். நாலு பல்லுக்கு ஒரு தூள் வாரும் பல் இருக்கும், பார்த்தாலே தெரியும். காய்ந்த மர பிளேடைச் சில்வர் ஓக்கில் போட்டால் ஈரத் தூள் அப்பிக்கொண்டு நகராது.

தொடைப் பருமனுக்கு 18 வோல்ட் பேட்டரி ரம்பம், 8–10 இன்ச் பார். மகிட்டா போன்ற கம்பெனிகளின் 18 வோல்ட் வரிசையில் ஏற்கெனவே டிரில்லோ கிரைண்டரோ வீட்டில் இருந்தால் அதே பேட்டரி மாட்டும், செலவு பாதி. 5 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் 90 வாட்-அவர். நல்ல கூரான செயினில் 15 செ.மீ. மரம் இருபது முப்பது வெட்டு எதிர்பார்க்கலாம். மொட்டைச் செயினில் அது பத்தாகிவிடும். பேட்டரி ரம்பத்தில் பெட்ரோல் மாதிரி சத்தம் மாறிக் காட்டிக்கொடுக்காது, சார்ஜ் மட்டும் தண்ணீராய் ஓடும். இரண்டு பேட்டரி எடுத்துப் போங்கள்.

4 இன்ச் குட்டி ரம்பங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டில் ஜிடிஏ 26 மாதிரி 10.8 வோல்ட் சாமான் நன்றாக இருக்கும், ஆனால் அது கவாத்துக்கு; 10 செ.மீ. பார், 28 கண்ணி. "21 வோல்ட்", "88 வோல்ட்" என்று ஒட்டி வரும் மலிவுச் சாமானைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் ஐந்து செல்தான். அது 18 வோல்ட். முழுச் சார்ஜில் 21 தொடும், அவ்வளவே. 88 என்பது ஸ்டிக்கர். பலவற்றில் செயின் பிரேக்கும் கிடையாது, எண்ணெய் தானாக வருவதும் கிடையாது.

மூங்கிலுக்கு எந்தச் செயின்சாவும் வேண்டாம். உள்ளே வெற்றிடம், பல் குதிக்கும். நார் நீளவாக்கில் கிழிந்து செயினில் சுற்றி ஸ்ப்ராக்கெட் மூடிக்குள் அடையும். மணிச்சத்து மாதிரி அதில் இருக்கிற சிலிக்காவில் பல் சீக்கிரம் மழுங்கும். மெல்லிய பல் கைரம்பம் எடுங்கள். அரிவாளால் சாய்வாக ஒரு போடு போட்டால் நிற்பது ஈட்டி முனை. பைக் சறுக்கி அதன்மேல் விழுந்தால் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை. கணுவுக்கு மேலே, மட்டமாக அறுத்துவிடுங்கள்.


ஆப்பும் அரமும்:

தம்பி, சிலிக்கா என்பது மணல் சத்து. மணிச்சத்து பாஸ்பரஸ், அது உரக்கடை. மற்றபடி மூங்கில் விஷயம் சரி.

பேட்டரிக்கு எதிராக ஒன்றே ஒன்று. கஜா மாதிரி ஒரு புயல், 2018 நவம்பரில் வந்தது போல் வந்தால் மலையில் நாள்கணக்கில் கரண்ட் இருக்காது. பாதை அடைபடுவதும் அன்றுதான், பேட்டரி ஏறாததும் அன்றுதான்.


பச்சைக்கைப்பிடி:

ஆமாம், மணல் சத்து. திருத்தத்துக்கு நன்றி அண்ணே. கரண்ட் விஷயமும் ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். வாராவாரம் சின்ன மரத்துக்குக் கைரம்பம், புயல் காலத்துக்குப் பெட்ரோல் மிஷின் என்று பிரித்துக்கொண்டால் பேட்டரி ரம்பத்துக்கு இடமே இல்லாமல் போய்விடும் போலிருக்கிறது.


காப்பித்தடம்:

இருவருக்கும் நன்றி. அப்போ எம்எஸ் 180, 12 இன்ச் பார், கூட ஒரு மடக்கு ரம்பம் என்கிற பக்கம் மனம் சாய்கிறது. கட்டுவதும் பெட்ரோலும்?


சைலன்சர்ச்சூடு:

கட்டுவதைச் சொல்கிறேன்.

முதுகில் மாட்டிக்கொண்டு ஓட்டாதீர்கள். பையில் போட்டு மாட்டுவது வசதிதான், ஆனால் விழும்போது முதுகெலும்புக்கும் தரைக்கும் நடுவே ஒரு இரும்புக் கட்டை இருக்கிறது என்று அர்த்தம். பெட்ரோல் பாட்டிலும் முதுகுப் பையில் கூடாது.

பின் காரியரில், நீளவாக்கில், இடப்பக்கம். எக்ஸ்பல்ஸில் சைலன்சர் வலப்பக்கம் மேலே ஏறி வரும். அந்தப் பக்கம் கட்டினால் பெட்ரோல் டேங்கின் பிளாஸ்டிக் இளகும். குறுக்காக வைத்தால் பார் வெளியே நீண்டு செடியில் கொக்கி போடும், அதுவும் பைக்கைத் தள்ளிக்கொண்டு திரும்பும் இடத்தில். பாரின் முனை முன்னோக்கி இருந்தால் இறங்கும்போது தொடையில் இடிக்கும், பின்னோக்கி இருக்கட்டும். காரியர் தட்டில் எத்தனை கிலோ தாங்கும் என்று பொறித்திருப்பார்கள், பாருங்கள். பல தட்டுகள் சீட் பையைத் தாங்கவே செய்தவை. மிஷின் எடையைக் குலுக்கலோடு கணக்குப் போட்டால் போல்ட் ஓட்டையில் விரிசல் விடும். அடியில் ஒரு 3 மி.மீ. இரும்புத் தகடு, அதன்மேல் பழைய டயர் ரப்பர், அதன்மேல் மிஷின்.

கட்டுவதற்குக் கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு நம்பிக்கையில்லை. குதிக்கும்போது நீளும், கொக்கி கழலும். லாரி ட்யூபை 4 செ.மீ. அகலப் பட்டையாக வெட்டி இரண்டு, அதன்மேல் பக்கிள் வைத்த நாடா ஒன்று. நாடா முன் கைப்பிடியின் அடியில் போக வேண்டும். த்ராட்டில் உள்ள பின் கைப்பிடியைச் சுற்றி இறுக்காதீர்கள்.

பாருக்குக் கம்பெனி உறை மட்டும் போதாது, கழன்று விழும். 75 மி.மீ. பிவிசி குழாய் 40 செ.மீ. வெட்டி, கொதிக்கும் தண்ணீரில் காட்டித் தட்டையாக்கி, ஒரு முனையை மூடி, அதைக் காரியரில் நிரந்தரமாகப் போல்ட் போட்டுவிட்டால் பார் அதற்குள் சொருகிக்கொள்ளும். அடியில் ஒரு ஓட்டை விடுங்கள், எண்ணெய் வடியும்.

எண்ணெய் வடியும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். எல்லா மிஷினிலும் பாரின் எண்ணெய் நின்றபடியே கசியும். சரிவில், வெயிலில், குலுங்கியபடி போனால் இன்னும் அதிகம். கசிந்து பின் டயரிலோ டிஸ்கிலோ பட்டால் அடுத்த வளைவில் தெரியும். எண்ணெய் டேங்கைக் காலியாக வைத்துக்கொண்டு போய், இடத்தில் ஊற்றுங்கள். பெட்ரோலும் அப்படியே. 250 மி.லி. டேங்க்தானே, ஊற்ற ஒரு நிமிடம்.

கிளம்பும் முன் பார் நட்டைத் தொட்டுப் பாருங்கள். எம்எஸ் 180-க்கு ஒரே நட்டு, 13 மி.மீ. பைக் அதிர்வில் கழன்று பாதையில் விழுந்தால் அன்றைய வேலை முடிந்தது. மாற்று நட்டு ஒன்றை டூல் பையில் அல்ல, பைக் சாவிக் கொத்திலேயே மாட்டி வையுங்கள். 13-க்கும் ஸ்பார்க் பிளக்கின் 19-க்கும் ஒரே சாவியை மிஷினோடு தருவார்கள், அதைத் தொலைக்கக் கூடாது.

எக்ஸ்எல் 100-ல் கால் வைக்கும் தளத்தில் நிறுத்தி வைத்துக் கொண்டுபோவது இன்னும் நல்ல வழி, எடை தாழ்வாக இருக்கும். இரண்டு வண்டி போகிறீர்கள் என்றால் மிஷின் எக்ஸ்எல்லில், கடப்பாரையும் கயிறும் எக்ஸ்பல்ஸில்.


கார்பரேட்டர்காரர்:

பெட்ரோல் பற்றி.

எத்தனால் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பதுதான் இந்த மாதிரி இரண்டு-ஸ்ட்ரோக் மிஷின்களுக்குப் பொதுவான வரம்பு. 20 சதவீதம் ஊற்றினால் உடனே நின்றுவிடாது. மூன்று விதத்தில் கெடுக்கும். எத்தனால் ஈரம் இழுக்கும். மலை மூடுபனியில் பாதி நிரம்பிய கேனில் வைத்திருந்தால் ஒரு கட்டத்தில் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் பிரிந்து நிற்கும். மிஷினின் உறிஞ்சு குழாய் டேங்கின் அடியிலிருந்துதான் இழுக்கிறது. அந்த அடுக்கில் 2டி ஆயில் (பெட்ரோலோடு கலக்கும் இன்ஜின் ஆயில்) கிடையாது, பிஸ்டன் வறண்டு கோடு விழும். இரண்டாவது, கார்பரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய டயாஃப்ரம் விறைத்துப் போகும். ஐடிலில் ஓடும், த்ராட்டில் கொடுத்தால் அணையும். மூன்றாவது, எத்தனால் கலந்தால் அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் தேவை. திருகு அசையாத கார்பரேட்டரில் கலவை மெலிந்து (காற்று கூடி, எரிபொருள் குறைந்து) சூடு ஏறும்.

வழி என்ன? எத்தனால் கலக்காத ஹை-ஆக்டேன் எந்த பங்க்கிலாவது கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். கையோடு சோதித்தும் பார்க்கலாம். 100 மி.லி. அளவுக் கண்ணாடியில் 20 மி.லி. தண்ணீர், 80 மி.லி. பெட்ரோல், மூடிக் குலுக்கி ஐந்து நிமிடம் வையுங்கள். கீழ் அடுக்கு 20-லேயே நின்றால் எத்தனால் இல்லை. 28-க்கு வந்தால் 10 சதவீதம். 36-க்கு வந்தால் 20. சோதித்த பெட்ரோலை மிஷினில் ஊற்ற வேண்டாம். தண்ணீரில் கழுவி எத்தனாலைப் பிரித்தெடுத்து ஊற்றும் வீடியோக்கள் சுற்றுகின்றன, அதையும் செய்யாதீர்கள்; ஆக்டேன் இறங்கும், ஈரமும் மிச்சமிருக்கும்.

20 சதவீதம்தான் கிடைக்கிறது என்றால்: அன்றைக்குத் தேவையானதை அன்றைக்கே கலந்து, மாலையில் டேங்கைக் கொட்டிவிட்டு, மிஷின் தானாக அணையும் வரை ஐடிலில் ஓட விடுங்கள். மிஞ்சியதை பைக் டேங்கில் ஊற்றிவிடலாம், 200 மி.லி.-யால் எக்ஸ்பல்ஸுக்கு ஒன்றும் ஆகாது. வருடம் ஒருமுறை டயாஃப்ரம் கிட் மாற்றும் செலவைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆயில் கலவை 50-க்கு 1. அரை லிட்டருக்கு 10 மி.லி.; மருந்துக்கடை சிரிஞ்ச் ஒன்று போதும். கண்ணளவு ஊற்றாதீர்கள். ஆயில் ஜேசோ எஃப்டி தரம் (இரண்டு-ஸ்ட்ரோக் ஆயிலுக்கான ஜப்பான் தரக்குறி, டப்பாவில் இருக்கும்). படகு ஆயில் வேண்டாம், அது தண்ணீர் குளிரூட்டும் இன்ஜினுக்கு. உங்கள் 6 கி.மீ.-க்கு முப்பது வெட்டு, வெட்டுக்கு 20 வினாடி என்றால் பத்து நிமிட ஓட்டம். ஐடில் சேர்த்தும் ஒரு டேங்க். அரை லிட்டர் கலவை கொண்டுபோனால் தாராளம். அலுமினிய எரிபொருள் பாட்டில் வாங்குங்கள். தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் கொண்டுபோவது ஆபத்து, யாராவது எடுத்துக் குடித்துவிடலாம்.

செயின் எண்ணெய் இல்லாவிட்டால் 20டபிள்யூ-40 புது இன்ஜின் ஆயில் ஊற்றலாம். வண்டியிலிருந்து வடித்த கறுப்பு ஆயில் வேண்டாம், இரும்புத் துகள் பம்ப்பை அரிக்கும். சிலர் தேங்காய் எண்ணெய் சொல்வார்கள்: சமவெளியில் ஓடும், 24 டிகிரிக்குக் கீழே உறையும். தாண்டிக்குடி மார்கழியில் அது நெய் மாதிரி நிற்கும், பம்ப் இழுக்காது.

உயரம் இன்னொரு விஷயம். 1,300 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட எட்டில் ஒரு பங்கு குறைவு. வத்தலகுண்டுக் கடையில் சரிசெய்த மிஷின் மேலே வந்தால் கலவை செழித்து (காற்றுக்குப் பெட்ரோல் கூடி), கொஞ்சம் புகைந்து, சக்தி குறைந்து ஓடும். அது ஆபத்தில்லை. எச், எல் திருகு (பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைப்பது) உள்ள மிஷினை மேலே வைத்து மெலிய வைத்துவிட்டு, அப்படியே கீழே இறக்கித் தென்னந்தோப்பில் ஓட்டினால்தான் பிஸ்டன் பிடிக்கும். திருகினால் எவ்வளவு திருகினீர்கள் என்று எழுதி வையுங்கள்.


ஆப்பும் அரமும்:

வாங்கியாச்சு, கட்டியாச்சு என்றால் பாதையில் என்ன செய்வது என்பதையும் போட்டுவிடுகிறேன். பார் சிக்கிக்கொண்டு மிஷினை மரத்திலேயே விட்டுவிட்டு வருகிறவர்கள் எல்லாம் மரம் எந்தப் பக்கம் அழுந்துகிறது என்று பார்க்காதவர்கள்.

இரண்டு முனையும் மேட்டில், நடு அந்தரத்தில்: மேற்பக்கம் அழுந்துகிறது, அடிப்பக்கம் இழுபடுகிறது. மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு வெட்டி நிறுத்தி, மிச்சத்தை அடியிலிருந்து மேல்நோக்கி. அடியிலிருந்து வெட்டும்போது செயின் மிஷினை உங்கள் பக்கம் தள்ளும், எதிர்பார்த்து நில்லுங்கள். ஒரு முனை அந்தரத்தில் தொங்கினால் இதற்கு நேர் தலைகீழ்: முதலில் அடியில் மூன்றில் ஒன்று, பிறகு மேலிருந்து. இரண்டு மரத்துக்கு நடுவே வில்லாக வளைந்து நிற்கும் கொம்பு என்றால் வளைவின் உட்பக்கம் நின்று, உட்பக்கமே சின்னச் சின்ன வெட்டாகப் போட்டு விசையை இறக்குங்கள். வெளிப்பக்கம் நின்றால் அது முகத்துக்கு வரும்.

பாதைக்கு நடுவே துண்டு எடுக்கும்போது இரண்டு வெட்டையும் நேராகப் போட்டால் துண்டு கதவு மாதிரி இறுகி நிற்கும். உருட்டப் போகிற பக்கம் அகலமாக, ஆப்பு வடிவில் சாய்த்துப் போடுங்கள். கடப்பாரை வைத்ததும் வரும். எக்ஸ்பல்ஸ் ஹாண்டில் அகலம் 85 செ.மீ., பாதை 1.3 மீட்டர் திறந்தால் போதும். பிளாஸ்டிக் ஆப்பு இரண்டு, 14 செ.மீ. அளவு, எப்போதும் பையில். இரும்பு ஆப்பு வேண்டாம், செயின் பட்டால் பல் போகும்.

வேரோடு சாய்ந்த மரத்தில் வேர்த்தட்டு செங்குத்தாக நிற்கும். அடிமரத்தை வெட்டியதும் எடை போய், அது பழைய குழிக்குள் டப்பென்று திரும்பி உட்காரும். குழிக்குப் பின்னால் ஆளோ மாடோ நிற்கக் கூடாது. சரிவில் எப்போதும் மேட்டுப் பக்கம் நில்லுங்கள், கீழ் வளைவில் யாரும் வருகிறார்களா என்று இரண்டாவது ஆள் பார்க்கட்டும். பாதியில் முறிந்து மேலே இன்னொரு மரத்தில் சாய்ந்து தொங்குவது என்றால் வெட்டாதீர்கள். பைக்கைத் திருப்பிக்கொண்டு வந்து, மரம் ஏறத் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். சில்வர் ஓக் அப்படி முறிகிற மரம்.

பாரின் முனையில் மேல் கால்பாகம் எதிலாவது பட்டால் மிஷின் உங்கள் தலையை நோக்கித் திரும்பும். கிளை நெரிசலுக்குள் முனையை விட்டுத் துழாவாதீர்கள். பைக் ஹெல்மெட் தலையைக் காக்கும், காதைக் காக்காது. ஸ்பாஞ்ச் காதடைப்பு உள்ளே வைத்துக்கொண்டு மாட்டுங்கள். பைக் முட்டிக் காப்பு செயினைத் தடுக்காது, அதற்கென்று நார் அடுக்கு வைத்த தொடைக் கவசம் இருக்கிறது. சுருட்டினால் ஜாக்கெட் அளவுதான். ரத்தம் நிறுத்தும் இறுக்குக் கட்டு ஒன்றை இடுப்பிலேயே வையுங்கள், பைக்கில் அல்ல. 108 மண்பாதைக்குள் வராது.

மண்ணில் ஒரு வினாடி பட்டாலே செயின் மொட்டை. தரையில் கிடக்கும் மரத்தை முக்கால் ஆழம் வெட்டி, உருட்டி, மறுபக்கம் முடியுங்கள். இழுபட்டு வந்த மரத்தில் பட்டையில் மணல் அப்பியிருக்கும், அரிவாளால் பட்டையைச் சீவிவிட்டு வெட்டுங்கள். வெளியே சீவல் வந்தால் செயின் கூர்மை, மாவு வந்தால் நிறுத்தித் தீட்டுங்கள். வேலை முடிந்ததும் செயினைக் கொஞ்சம் தளர்த்துங்கள். சூட்டில் நீண்டதை இறுக்கியிருப்பீர்கள், ஆறினால் சுருங்கிப் பாரைப் பிடிக்கும்.


வரப்புக்கல்:

ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் 2013-ல் அறிவிக்கப்பட்டது. கீழ்ப்பழனித் தோட்டம் பல காட்டை ஒட்டியே இருக்கின்றன. பாதையில் எந்தத் துண்டு பட்டா, எந்தத் துண்டு காப்புக்காடு என்று சர்வே கல் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். காட்டுக்குள் விழுந்த மரம் பாதையை அடைத்தாலும் அது வனத்துறை மரம். செயின்சாவோடு உள்ளே நிற்பதே 1972 வனவிலங்குச் சட்டத்தில் பிரச்சினையாகும். பீட் வனக்காவலரிடம் முன்பே பேசி வைத்தால் போனில் சொல்லிவிட்டு நகர்த்தலாம். பட்டா நிலத்திலும் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம், 1955-ல் வந்தது, பொருந்தும். விழுந்ததை ஓரம் தள்ளுவது வேறு, துண்டு போட்டு வண்டியில் ஏற்றுவது வேறு. ஈட்டி மரத்துக்கு 1994-ல் தனிச் சட்டமே போட்டார்கள். ஈட்டி, சந்தனம் இரண்டும் செத்துக் கிடந்தாலும் தொடாதீர்கள், போட்டோ எடுத்துத் தகவல் கொடுத்துவிடுங்கள்.


காப்பித்தடம்:

எல்லைக் கல் மூன்று இடத்தில் புதருக்குள் இருக்கிறது, முதலில் அதைத் துலக்கிவிடுகிறேன். எம்எஸ் 180, 12 இன்ச் பார், 44 கண்ணிச் செயின் இரண்டு, 360 மி.மீ. மடக்கு ரம்பம், இரண்டு ஆப்பு, தொடைக் கவசம் என்று முடிவு. அரம் எந்த அளவு? கடையில் 4.8 தருகிறேன் என்கிறார்கள்.


ஆப்பும் அரமும்:

4.8 வேண்டாம், அது .325 இன்ச் இடைவெளிச் செயினுக்கு. உங்களுக்கு 4.0 மி.மீ. உருண்டை அரம், கைப்பிடியில் 30 டிகிரி கோடு போட்டது. ஒவ்வொரு டேங்குக்கும் பல்லுக்கு இரண்டு தள்ளு, உள்ளிருந்து வெளியே மட்டும். நாலைந்து முறை தீட்டியபின் பல்லுக்கு முன்னால் இருக்கும் ஆழமுனையை (பல் எவ்வளவு ஆழம் கடிக்கும் என்று கட்டுப்படுத்தும் மேடு) அளவு பாருங்கள், பல் நுனியைவிட 0.65 மி.மீ. தாழ்வாக இருக்க வேண்டும். உயர்ந்திருந்தால் பல் எத்தனை கூராக இருந்தாலும் மரத்தில் இறங்காது. அதற்குத் தட்டை அரம் தனி. இரண்டு அரத்தையும் பழைய சைக்கிள் ட்யூபில் சொருகிக் கொண்டுபோங்கள், பைக் டூல் பையில் ஸ்பானரோடு உரசினால் அரம் மொட்டையாகிவிடும்.